கால் இழுத்தது, முகம் திரும்பவில்லை

எனக்குப் பயம் பிறவிக் குணம். லிஃப்டில் ஏறினால் கயிறு அறுந்துவிடும் என்று தோன்றும். ஊசி போட்டால் உள்ளேயே ஒடிந்துவிடும் என்று தோன்றும். இப்படிப்பட்டவனுக்கு ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில், அதுவும் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷனில் வேலை கிடைத்தது. எது உடையும், எது விரிசல் விடும் என்று முதலில் கெட்டதை நினைப்பவனுக்குத்தான் அங்கே நல்ல பெயர். என் பயத்துக்கு மாதச் சம்பளம் கொடுத்து, குடியிருக்க குவார்ட்டர்ஸும் கொடுத்துவிட்டார்கள்.

நாயை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் என் மகள். நீள உடம்பும் குட்டைக் காலுமாக இருக்கும் அந்த வெளிநாட்டுச் சாதி. மகள் கல்யாணமாகி பெங்களூர் போனாள், நாய் எங்களோடு தங்கிவிட்டது. அந்தப் பெட்டை நாய்க்கு ஒரு பெயர் உண்டு. அதை இங்கே எழுதவில்லை. வாயால் சொல்லிப் பார்க்காமல் எனக்கு எழுத வராது, சொன்னால் எங்கே படுத்திருந்தாலும் தலையைத் தூக்கிப் பார்ப்பாள்.

சாயங்காலம் தொழிற்சாலைச் சங்கு ஊதினால் அவள் ஓடிப்போய் வாசல் கேட்டுக்குக் கீழே மூக்கை நீட்டிக்கொண்டு நிற்பாள். நான் சைக்கிளை நிறுத்தும்வரை வால் நிற்காது. ஒருநாள் நான் வந்தபோது கேட்டில் மூக்கு இல்லை. உள்ளே கூடத்துத் தரையில் முன்னங்கால் இரண்டையும் ஊன்றி என்னை நோக்கி வந்துகொண்டிருந்தாள். பின்பாதி உடம்பு ஈரத் துணி மாதிரி தரையில் இழுபட்டு வந்தது. அவள் கத்தவில்லை, அழவில்லை. எப்போதும்போல என்னை வரவேற்கத்தான் வந்தாள். பயந்துபோனவன் நான்தான்.

அன்று எனக்கு அவ்வளவு பயம் வந்ததற்கு வேறொரு காரணமும் இருந்தது. அதற்குச் சில மாதம் முன்பிருந்தே என் கால் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. நடந்துகொண்டே இருப்பேன், செருப்பு எங்கோ கழன்று கிடக்கும், தரையில் கால் பட்டதுகூடத் தெரியாது. சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறியது. அம்பத்தூரில் ஒரு டாக்டரிடம் தனியாகப் போய்க் காட்டினேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, கழுத்தில் டிஸ்க் பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்துகிறது, ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள், தள்ளிப்போட்டால் போனது திரும்ப வராது என்றார். கழுத்தில் கத்தி வைப்பார்களா என்று கேட்டேன். ஆமாம் என்றார். வீட்டுக்கு வந்து, விட்டமின் குறைவாம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். அவள் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, மறுநாளிலிருந்து தானாகவே எனக்குப் பொத்தான் போட்டுவிட ஆரம்பித்தாள்.

நாய்க்கு வந்தது சுளுக்கு என்று குவார்ட்டர்ஸே சொன்னது. ஆளுக்கு ஒரு எண்ணெய் கொண்டுவந்தார்கள். பக்கத்தில் இருந்த கால்நடை மருத்துவர் ஊசி போட்டு ஓய்வு சொன்னார். ஊசியும் எண்ணெயும் ஓய்வுமாக வாரங்கள் ஓடின. கடைசியில் அவர் ஒரு சிறு இடுக்கியை எடுத்துப் பின்னங்கால் விரலைப் பலமாக அழுத்தினார். அவள் என் கையை நக்கிக்கொண்டே இருந்தாள். அவர் இன்னும் அழுத்தினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“வலி தெரியலை சார். முதுகுல டிஸ்க் உடைஞ்சு தண்டுவடத்தை நசுக்கியிருக்கு” என்றார். “சென்னீர்குப்பம் பக்கம் ஒரு ஆராய்ச்சி மையம் இருக்கு. இந்த மாதிரி நாய்ங்களுக்குப் புதுசா ஏதோ சேர்த்துச் சேர்த்து வைத்தியம் பண்ணிப் பாக்குறாங்க. அங்க போய்ப் பாருங்க.”

டிஸ்க், தண்டுவடம். அதே இரண்டு வார்த்தை.

பூந்தமல்லி போகும் ஆட்டோவில் நானும் மனைவியும் அவளை மடியில் வைத்துக்கொண்டு போனோம். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

“இன்னா சார் ஆச்சு? வண்டி எதுனா ஏறிச்சா?”

“இல்லப்பா, தானா வந்துச்சு.”

“தானாவா? இன்னா சார் இது, சொம்மா குந்திக்கினு இருந்தா கூடவா காலு பூடும்?” என்றவர், அடுத்த பள்ளத்தில் வண்டியை நிறுத்தி நிறுத்தி இறக்கினார். “பயப்படாத சார். நான் மெதுவா இட்டுகினு போறேன்.”

நான் பயந்தது பள்ளத்துக்கு இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தாலும் கால் போகும் என்பது எனக்கு அவரைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

மையத்தில் இருந்த டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். பொறுமையாகப் பேசுவார், ஆனால் ஆறுதலுக்காக ஒரு சொல் கூட்டிச் சொல்ல மாட்டார். தண்டுவடம் நசுங்கிய இடத்தில் தழும்பு கட்டிவிடும், நரம்பு இழைகள் அதைத் தாண்ட முடியாமல் நின்றுவிடும் என்றார். அவர்கள் செய்வது மூன்று காரியம். தழும்பைக் கரைக்க ஒரு நொதியை அந்த இடத்தில் செலுத்துவது. நாயின் மூக்குக்குள்ளிருந்தே கொஞ்சம் செல் எடுத்து, வளர்த்து, முதுகில் வைப்பது. அப்புறம் தண்ணீர்த் தொட்டிக்குள் ஓடும் பட்டையில் தினமும் நடக்க வைப்பது.

“மூக்குல இருந்தா?” என்றாள் மனைவி.

“மூக்கு நரம்பு மட்டும் வாழ்நாள் பூரா புதுசு புதுசா வளரும்மா. அதுக்கு வழிகாட்டுற செல் அங்க இருக்கு. அதை முதுகுக்குக் கொண்டு போறோம். இதெல்லாம் ஒவ்வொண்ணா செஞ்சப்ப எலியிலகூடப் பெரிய பலன் வரலை. சேர்த்துச் செஞ்சா என்ன ஆகும்னுதான் பாக்குறோம். பலிக்கும்னு நான் சொல்லலை.”

அதோடு விடவில்லை. எல்லா நாய்களுக்கும் மூன்றும் கிடைக்காது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சிலவற்றுக்கு வெறும் உப்புத் தண்ணீர் ஊசியும் நடைப் பயிற்சியும் மட்டும்தான். எந்த நாய்க்கு எது என்று எங்களுக்கும் தெரியாது, கால்களைச் சோதிக்கிற அவருக்கும் தெரியாது. எல்லா நாய்களுக்கும் முடிந்த பிறகுதான் பிரித்துப் பார்ப்பார்கள். இன்னொன்றும் சொன்னார். நரம்பு தப்பான பக்கம் வளர்ந்துவிட்டால் வலி மட்டும் வந்துவிடலாம், அப்போது நாய் தன் காலைத் தானே கடித்துக்கொள்ளும், அதனால் பாதத்தைத் தினமும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

வேண்டாம், வீட்டுக்குப் போய்விடலாம் என்று வாய்வரை வந்துவிட்டது. மனைவி அதற்குள், “செய்யுங்கம்மா” என்று சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டில் துணிச்சல் முழுவதும் அவள் பொறுப்பு.

அன்று திரும்பும்போது பருத்திப்பட்டு ஏரிக்கரையை ஆட்டோ தாண்டுகையில் மனசுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். இவளுக்குக் காலில் உணர்வு வந்துவிட்டால் நானும் கழுத்தைக் காட்டிப் படுத்துவிடுவது. வராவிட்டால், தண்டுவடத்தில் யார் கை வைத்தும் பிரயோஜனமில்லை என்று அர்த்தம், இருக்கிறபடி இருந்துவிட்டுப் போவது. நாயின் முதுகுக்கும் என் கழுத்துக்கும் என்ன சம்பந்தம், நசுங்கி முடிந்ததும் நசுங்கிக்கொண்டிருப்பதும் ஒன்றா என்றெல்லாம் அப்போது நான் யோசிக்கவில்லை. பயந்தவனுக்கு எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும், நான் நாயைப் பிடித்துக்கொண்டேன்.

எல்லா நாய்க்கும் எடுப்பதுபோல மூக்கில் செல் எடுத்து, சில வாரம் கழித்து முதுகு ஆபரேஷனும் முடிந்து வந்தாள். முதுகில் நீளத் தையல். அவளுக்குள் போனது மருந்தா உப்புத் தண்ணீரா என்று அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து யூகிக்க முயன்றேன். அவளுக்கோ பிஸ்கட் எப்போது வரும் என்பதைத் தவிர வேறு கவலை இல்லை. சிறுநீர் தானாக வராது, அடிவயிற்றை இரண்டு கையாலும் பதமாகப் பிடித்து வெளியேற்ற வேண்டும். கிழித்துவிடுவேனோ என்று எனக்குப் பயம், என் விரல்களும் சொன்னபடி கேட்கவில்லை. மனைவி சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து ஒரே தடவையில் கற்றுக்கொண்டாள். பின்னங்கால்களைச் சைக்கிள் மிதிப்பதுபோல் மடக்கி நீட்டும் பயிற்சியையும் அவளே செய்தாள். பாதத்தில் பல் பட்ட தடம் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் என் வேலை. வேலைக்குக் கிளம்புமுன் பார்ப்பேன், வந்ததும் பார்ப்பேன். நான் சாப்பிடும்போது நாய் திரும்பித் தன் காலை நக்கினால்கூடப் பாதியில் எழுந்துபோய்ப் பார்ப்பேன்.

ஒரு சாயங்காலம் அப்படிப் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கை சும்மா இருக்கவில்லை. நகத்தால் விரலை ஒரு அழுத்து அழுத்தினேன். கால் வெடுக்கென்று மடங்கியது.

நான் போட்ட சத்தத்தில் மனைவி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். அவளும் அழுத்தினாள், கால் மடங்கியது. எங்கள் செக்‌ஷனில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தர் சரி என்றால் அது சரியாகாது, இன்னொருத்தரும் தனியாகப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். எதிர்வீட்டுக் கோயமுத்தூர்க்காரர் என்னோடு அதே செக்‌ஷன். அவரைக் கூப்பிட்டேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கேஜ் வைத்து அளவு பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்தார்.

“ஏனுங்க, காலை இழுக்குதுங்க! சந்தேகமே இல்லீங்க, நல்லா இழுக்குதுங்க.”

அவர் மனைவி பார்த்தார். மாடியில் இருந்த திருநெல்வேலிக்காரர் வந்து பார்த்தார். தெருவில் பாதிப்பேருக்கு ஏதாவது ஒரு சோதனைப் பிரிவில் அனுபவம் இருந்தது, ஒருவரும் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொருவரும் அழுத்தினார்கள், ஒவ்வொரு தடவையும் கால் மடங்கியது, எல்லோரும் பாஸ் போட்டார்கள். மனைவி கேசரி கிளறினாள். பெங்களூருக்குப் போன் போட்டுச் சொன்னபோது மகள் அழுதாள்.

கேசரியை நான் அப்படியே தட்டில் வைத்துவிட்டேன். சந்தோஷம் இருந்தது, பொய்யில்லை. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. ஏற்பாடு ஏற்பாடுதானே. அவள் தேறிவிட்டால் அடுத்தது என் முறை.

மறுநாள் மனைவியோடும் நாயோடும் மையத்துக்குப் போய் டாக்டரிடம் வாயெல்லாம் பல்லாக அழுத்திக் காட்டினேன். கால் மடங்கியது. டாக்டர் சிரிக்கவில்லை.

“சார், கால் இழுக்குறது தண்டுவடத்தோட வேலை. அதுக்கு மூளை தேவையில்லை. தலையில்லாமலே நடக்கும்.” அவர் இடுக்கியை எடுத்துக்கொண்டு என் மனைவியைப் பார்த்தார். “அம்மா, நீங்க காலைப் பாக்காதீங்க. அவ முகத்தைப் பாருங்க.”

அழுத்தினார். கால் மடங்கியது. முகம் அப்படியே இருந்தது. கண் சுருங்கவில்லை, காது அசையவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. மேசை மேல் இருந்த பிஸ்கட் பொட்டலத்தை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தாள்.

“வலி மேல போய்ச் சேர்ந்தா திரும்பிப் பாப்பா, இல்ல கத்துவா. அதுதான் உணர்வு” என்றார் டாக்டர்.

அத்தனை இன்ஸ்பெக்டர்கள் பார்த்தோம். எல்லோரும் காலையே பார்த்தோம், ஒருவரும் முகத்தைப் பார்க்கவில்லை. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு என்ன தோன்றியது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அப்பாடா என்று இருந்தது. என் முறை தள்ளிப்போய்விட்டது. அடுத்த நிமிடமே அந்த நிம்மதியை நினைத்து எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது, ஆனாலும் நிம்மதி நிம்மதியாகவே இருந்தது.

தண்ணீர்த் தொட்டிப் பயிற்சி தொடர்ந்தது. கண்ணாடித் தொட்டி, அடியில் ஓடும் ரப்பர் பட்டை, இடுப்பளவு வெதுவெதுப்பான தண்ணீர். முதலில் பின்னங்கால்கள் பட்டையோடு இழுபட்டுப் போயின. பிறகு ஒரு கால் மடங்கி முன்னே வந்து விழுந்தது. அப்புறம் மற்றதும். மழை ஆரம்பிக்கும் சமயத்தில் அவள் தண்ணீரில் நாலு காலாலும் நடந்தாள். இன்னும் கொஞ்ச நாளில் தண்ணீர் இல்லாமல், எங்கள் கூடத்துத் தரையிலேயே, குடித்தவன் மாதிரி தள்ளாடிக்கொண்டு, திரும்பும்போது விழுந்துகொண்டு, எழுந்து நடந்தாள். சங்கு ஊதியதும் கேட்டுக்குக் கீழே மறுபடியும் மூக்கு தெரிந்தது. அதைப் பார்த்த அன்று சைக்கிளைப் பிடித்தபடி நின்று அழுதுவிட்டேன்.

கடைசிச் சோதனைக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் அவள் நடப்பதைப் படம் பிடித்துக்கொண்டார், முகத்தில் சந்தோஷம் இருந்தது. பிறகு இடுக்கியை எடுத்தார். மனைவி நேராக நாயின் முகத்துக்கு எதிரே போய் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு காலிலும் எல்லா விரலையும் அழுத்திப் பார்த்தார். முகம் திரும்பவேயில்லை.

“நடக்குறாளே?” என்றேன்.

“நடக்குறா சார். ஆனா கால் தானா நடக்குது. பயிற்சியில தண்டுவடம் கத்துக்கிட்டிருக்கு. கால் எங்க இருக்குன்னு அவளுக்குத் தெரியாது.”

“அப்ப அவளுக்குக் குடுத்தது மருந்தா, உப்புத் தண்ணியா?”

“எனக்கும் தெரியாது சார். மத்த நாய்ங்களும் முடியணும்.” அவளைத் தடவிக்கொண்டே, எங்களைப் பார்க்காமல் தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார். “நாம மூணு வைத்தியத்தைச் சேர்த்துப் போட்டுப் போராடுறது எல்லாம் நசுங்கிச் செத்துப்போனதைத் திரும்ப வாங்கத்தான். டிஸ்க் அழுத்திக்கிட்டு இருக்கிறப்பவே அதை எடுத்துட்டா இதுல பாதி நாய்ங்க இங்க வந்திருக்கவே வேண்டாம்.”

அவருக்கு என் கழுத்தைப் பற்றி எதுவும் தெரியாது. ஆட்டோவில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். என் ஏற்பாட்டுக்கு என்ன தீர்ப்பு என்று புரியவில்லை. அவள் நடக்கிறாள், ஆனால் உணர்வு இல்லை. இது பாஸா, ரிஜெக்டா? இரண்டுமில்லாமல் ஒரு பொருளை என் மேசையில் வைத்தால் நான் என்ன செய்வேன்? மறுபடியும் தள்ளிப்போட ஒரு சாக்கு கிடைத்துவிட்டதாகத்தான் மனசு கணக்குப் போட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் பாயைப் போட்டுப் படுத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். செம்பரம்பாக்கம் ஏரி நிறைந்துவருவதைப் பற்றி ஏதோ போட்டிருந்தார்கள். திறந்துவிட்டால் என்ன ஆகும் என்று அதற்கும் ஒரு பக்கம் பயந்துகொண்டே படித்தேன். நாய் என் இடுப்போடு ஒட்டிப் படுத்திருந்தாள். கால்மாட்டில் மனைவி உட்கார்ந்து நாயின் பின்னங்கால்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் அது நின்றுவிட்டது. நான் கவனிக்கவில்லை.

பக்கத்தைத் திருப்பும்போது எதேச்சையாகப் பார்த்தேன். மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் ஈரம்.

“என்ன?” என்றேன்.

அவள் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை, நான்தான் குனிந்து காலைப் பார்த்தேன். என் கால் பெருவிரல் அவள் விரல்களுக்கு நடுவே இருந்தது. நகம் பதிந்து, அந்த இடம் வெள்ளையாகி, ஓரத்தில் சிவந்திருந்தது.

“எவ்வளவு நேரமா?”

“நீங்க அந்தப் பக்கம் படிக்க ஆரம்பிச்சதுல இருந்துங்க.” குரல் உடைந்தது. “காலு இழுத்துக்குச்சு. ரெண்டு காலும். உங்க முகம்தான்... பேப்பரை விட்டு அசையவே இல்லைங்க.”

பேப்பரைக் கீழே வைத்தேன். இழுத்துக்கொண்டதாமே, என் கால், எனக்குத் தெரியாமல். அதை எனக்கு இன்னொருவர் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. வாழ்நாளெல்லாம் லிஃப்டுக்கும் ஊசிக்கும் ஏரிக்கும் பயந்தவன் நான். அதெல்லாம் பயமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. உடம்பு முழுக்கச் சில்லிட்டது, பாதத்தில் மட்டும் அந்தச் சில்லிப்புகூடத் தெரியவில்லை.

“விட்டமின்னு சொன்னீங்க” என்றாள்.

“பயமா இருக்கு” என்றேன். எத்தனையோ ஆயிரம் தடவை பயந்திருக்கிறேன், அந்த வார்த்தையை அவளிடம் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“எனக்கு மட்டும் இல்லையா? எந்திரிங்க.”

“இன்னிக்கு ஞாயித்துக்கிழமைடி.”

“ஆஸ்பத்திரிக்கு என்ன ஞாயித்துக்கிழமை? அவளுக்கு நாளைக்கு நாளைக்குன்னு பாத்தது போதும். எந்திரிங்க.”

சட்டையைக் கொண்டுவந்து போட்டுவிட்டாள், பொத்தானும் போட்டாள். எதிர்வீட்டில் சொல்லி ஆட்டோ கூப்பிட்டாள். நாங்கள் கிளம்புவதைப் பார்த்து நாயும் எழுந்து, தனக்குத் தெரியாத அந்தக் கால்களைப் போட்டுத் தள்ளாடிக்கொண்டே வாசல்வரை வந்து படியில் நின்றாள். நான் செருப்புக்குள் காலை விட்டேன். மாட்டியிருக்கிறதா என்று குனிந்து கண்ணால் பார்த்துக்கொண்டேன். பிறகு மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினேன்.